வக்கீல் அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பு: வாசகர் கேள்வி – பதில்

வக்கீல்கள், ஜூனியர்கள், குமாஸ்தாக்கள், அலுவலகக் கணக்கர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர், ஊர், வழக்கு விவரம் எதுவும் இல்லை. எந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறோம் என்பதையே வெளியே சொல்ல முடியாத தொழில் இது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மூன்று வக்கீல்கள், இரண்டு குமாஸ்தாக்கள், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு எங்களிடம் வந்து யார் எதைத் திருடப்போகிறார்கள்?

பதில்: உங்களிடம் இருக்கும் அடுத்தவர் பொருளுக்காக வருவார்கள். கட்சிக்காரரின் ரகசியம், கைமாறும் நிலையில் நிற்கும் பணம், தள்ளிப்போட முடியாத கெடு தேதி, மூன்றும் ஒரே மேசையில் இருக்கும் தொழில் வேறு அதிகம் இல்லை.

2016 டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று பேர் மீது ஒரு வழக்கு பதிவானது. நியூயார்க்கின் சட்ட நிறுவனங்களுடைய மெயிலுக்குள் புகுந்து, எந்தக் கம்பெனி எதை வாங்கப்போகிறது என்பதை அறிவிப்புக்கு முன்பே படித்து, பங்குகளை வாங்கி விற்று 40 லட்சம் டாலருக்கு மேல் லாபம் பார்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகளின் பூட்டு அப்படியே இருந்தது. திறந்தது வக்கீலின் மெயில். அதே ஆண்டு பனாமாவின் மொசாக் ஃபொன்சேகா என்ற சட்ட நிறுவனத்தின் ஆவணங்கள் 1 கோடியே 15 லட்சம் வெளியே வந்தன. 2018-ல் அந்த நிறுவனமே மூடப்பட்டது.

சிறிய அலுவலகம் என்பதால் தப்பலாம் என்ற கணக்கு ஏன் எடுபடாது என்றால், முதல் கட்ட வேலையை மனிதர்கள் செய்வதில்லை. வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டுகளை லட்சக்கணக்கான மெயில் கணக்குகளில் நிரல்கள் போட்டுப் பார்க்கின்றன. ஏதாவது ஒன்று திறந்த பிறகுதான் ஆள் ஒருவர் உள்ளே எட்டிப் பார்ப்பார். உள்ளே கிரயப் பத்திரமும் வங்கி விவரமும் இருந்தால் அவருக்கு அன்று நல்ல நாள்.

கேள்வி: ஒரு சொத்து விற்பனை முடியும் தறுவாயில், "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பவும்" என்று எங்கள் பெயரில் கட்சிக்காரருக்கு மெயில் போயிருக்கிறது. அவர் போன் செய்து கேட்டதால் தப்பினோம். எல்லாக் கணினிகளிலும் வைரஸ் ஸ்கேன் செய்தோம், எதுவும் இல்லை. எப்படி நடந்தது?

பதில்: இந்த வகை மோசடிக்கு வைரஸ் தேவையே இல்லை. யாரோ ஒருவருடைய மெயில் பெட்டியைச் சத்தமில்லாமல் வாரக்கணக்கில் படித்திருக்கிறார்கள். பணம் எந்த நாளில் கைமாறும், யார் யாரை எப்படி விளிப்பார்கள், கையெழுத்துக்குக் கீழே என்ன வரிகள் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் அந்த மெயிலின் மூலப் பிரதியைக் கட்சிக்காரரிடமிருந்து வாங்குங்கள். "ஃபார்வர்டு" செய்யச் சொல்லாதீர்கள்; மெயில் வந்த வழியைக் காட்டும் தலைப்பு விவரங்கள் அதில் அழிந்துவிடும். மெயிலைக் கோப்பாகச் சேமித்து இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆர், என் என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளை ஒட்டி வைத்தால் எம் போலத் தெரியும். ஐ இருந்த இடத்தில் எல் நிற்கும். அடுத்து "ரிப்ளை-டு" முகவரி: அனுப்பியவர் நீங்களாகவும் பதில் போகும் இடம் வேறாகவும் இருக்கலாம். அதற்கும் கீழே, மெயில் உண்மையிலேயே அந்த முகவரிக்கு உரியவரிடமிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம் சோதனைகளில் அது தேறியதா என்ற வரி இருக்கும். உங்கள் டொமைன் பெயரிலேயே, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரிலேயே, இரண்டும் தேறியிருந்தால், உங்கள் மெயில் கணக்கே அவர்கள் கையில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எழுத்து மாறிய போலி டொமைனாக இருந்தால் பலர் நிம்மதியாகி விடுகிறார்கள். கூடாது. பணம் கைமாறும் நாள் திருடனுக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் பெட்டி, கட்சிக்காரர் பெட்டி, எதிர்த்தரப்பு வக்கீல் பெட்டி, தரகர் பெட்டி, இவற்றில் ஏதோ ஒன்று திறந்து கிடக்கிறது.

உங்கள் பெட்டியில் பார்க்க வேண்டியவை: மெயில் விதிகள், தானாக வெளியே அனுப்பும் அமைப்பு, உள்நுழைந்த இடங்களின் பட்டியல், அனுமதி கொடுக்கப்பட்ட வெளிச் செயலிகள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குப் பதிவான போன்கள். திருடன் வைக்கும் விதியின் பெயர் பெரும்பாலும் வெறும் ஒரு புள்ளியாகவோ இரண்டு புள்ளியாகவோ இருக்கும். "வங்கி", "பணம்", "இன்வாய்ஸ்" என்ற சொற்கள் வரும் மெயிலைப் படித்ததாகக் குறித்து, யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற மடிப்புக்குள் (ஃபோல்டர்) தள்ளிவிடும். கட்சிக்காரர் சந்தேகப்பட்டு எழுதிய பதிலை நீங்கள் பார்க்காமல் போவது இதனால்தான்.

வரிசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் பிறகு கையில் சான்று இருக்காது. முதலில் விதிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உள்நுழைவுப் பதிவைத் தரவிறக்குங்கள். மலிவான மெயில் திட்டங்கள் சிலவற்றில் அந்தப் பதிவு 7 நாள்தான் தங்கும். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, விதிகளையும் தெரியாத செயலி அனுமதிகளையும் தெரியாத போன்களையும் நீக்குங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வின் வழியாகவோ அனுமதி பெற்ற செயலியின் வழியாகவோ அவன் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பான்.

இனிமேலுக்கு: வழக்கை ஏற்கும் முதல் நாள் கடிதத்திலேயே வங்கி விவரத்தைக் கொடுத்து, "இது மெயில் மூலம் ஒருபோதும் மாறாது" என்று எழுதுங்கள். உங்களுக்குக் கணக்கு மாற்றம் வந்தால், வழக்குக் கட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, கணக்கு எண்ணைக் கணக்குக்காரர் வாயால் சொல்லக் கேட்டு ஒப்பிடுங்கள். மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் திருடனிடமே உறுதி கேட்பதாகும். தெரிந்த குரல்தானே என்றும் இருந்துவிட வேண்டாம். குரலைப் போலியாக உருவாக்குவது இன்று எளிது. அதனால்தான் அழைப்பை நீங்கள் தொடங்க வேண்டும் என்கிறோம். பணம் போய்விட்டால் முதல் சில மணி நேரம்தான் கணக்கு: உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், அதே மணி நேரத்தில் காவல்துறையிலும் புகார் கொடுங்கள்.

அந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்லும் டிமார்க் பதிவை டொமைனில் வைத்தால் உங்கள் டொமைனை அப்படியே போலியாகப் பயன்படுத்துவது நிற்கும். எடுத்த எடுப்பில் "நிராகரி" என்று வைத்தால் உங்கள் பில்லிங் மென்பொருள் அனுப்பும் நியாயமான மெயிலும் போய்ச் சேராது. "எதுவும் செய்யாதே" நிலையில் தொடங்கி, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்து, விட்டுப்போன அனுப்புநர்களைச் சேர்த்து, "தனியே ஒதுக்கு", அதன் பிறகு "நிராகரி" என்று போங்கள். எழுத்து மாறிய போலி டொமைனை இது தடுக்காது. அதற்குப் போன் ஒன்றுதான் வழி.

கேள்வி: ஜூனியர் ஒருவர் ஒப்பந்த மாதிரி ஒன்றை இணையத்தில் தேடி, ஒரு ஜிப் கோப்பை இறக்கினார். உள்ளே இருந்ததைத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. விட்டுவிட்டார். கவலைப்பட வேண்டுமா?

பதில்: ஆம், இன்றே. "ஒன்றும் வரவில்லை" என்பதுதான் இங்கே அடையாளம்.

கூட்லோடர் என்ற தீநிரல் இந்த வழியில்தான் வருகிறது. ஒப்பந்த மாதிரிகளைத் தேடுபவர்களுக்கென்றே விரித்த வலை என்பதால் சட்ட அலுவலகங்கள் இதில் நிறையச் சிக்குகின்றன. ஏற்கெனவே ஊடுருவப்பட்ட ஒரு நல்ல தளம் தேடல் முடிவில் மேலே வரும். திறந்தால், நீங்கள் தேடிய அதே சொற்றொடரை யாரோ கேட்டது போலவும், நிர்வாகி இறக்கும் சுட்டியைக் கொடுத்தது போலவும், கேட்டவர் நன்றி சொன்னது போலவும் ஒரு பக்கம். ஜிப்புக்குள் அந்தச் சொற்றொடரையே பெயராகக் கொண்ட ஒற்றைக் கோப்பு. அது வேர்டு ஆவணம் அல்ல, ஜேஎஸ் வகை நிரல். இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் விண்டோஸ் அதை இயக்கிவிடும், திரையில் எதுவும் தெரியாது. பின்னால் வருவது பல நேரம் பணயத் தீநிரல், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர்.

அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், ஆனால் கணினியை அணைக்காதீர்கள். ஆய்வு செய்பவருக்கு நினைவகத்தில் இருப்பது தேவைப்படும். எத்தனை மணிக்குத் திறந்தார் என்று குறித்து வையுங்கள். அந்தக் கணினியில் பயன்படுத்திய எல்லாப் பாஸ்வேர்டுகளையும் வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். ஆய்வு முடிந்ததும் ஸ்கேன் செய்து "சுத்தம்" என்று வந்தாலும் நம்பாமல் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.

தடுப்பு வேலை ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கோப்பு நீட்சிகள் கண்ணில் தெரியும்படி அமையுங்கள். ஜேஎஸ், ஜேஎஸ்இ, விபிஎஸ், டபிள்யூஎஸ்எஃப் ஆகிய நான்கு வகைக் கோப்புகளும் நோட்பேடில் திறக்கும்படி மாற்றுங்கள். அதன் பிறகு யார் சொடுக்கினாலும் புரியாத எழுத்துகள் வரும், வேறெதுவும் நடக்காது. வக்கீல் அலுவலகத்தில் இந்த நிரல்களை ஓட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. கூடவே அலுவலகத்துக்கென ஒரு மாதிரிப் படிவத் தொகுப்பு இருந்தால் ஜூனியர் வெளியே தேடவே மாட்டார்.

கேள்வி: எல்லோரும் 30 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்று சீனியர் உத்தரவு. சரியா?

பதில்: பழைய விதி. காரணமில்லாமல் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே வழிகாட்டிவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதர் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார். கசிந்தால் உடனே மாற்றுங்கள். இல்லையென்றால் 15 எழுத்துக்குக் குறையாத ஒன்றை வைத்து விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு, எல்லாம் பாஸ்வேர்டு மேலாளர் செயலியில்.

அதைவிட முக்கியம் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. செயலியில் வரும் எண் அதைவிட மேல். ஆனால் இரண்டையுமே போலிப் பக்கத்தில் நீங்களே தட்டிக் கொடுத்துவிட முடியும், அந்தப் பக்கம் அடுத்த நொடியே உண்மையான தளத்தில் அதைப் போட்டு அமர்வைத் திருடிவிடும். பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ இருக்கும் சாவி) யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் தளத்தின் உண்மையான முகவரியோடு கட்டப்பட்டவை, போலிப் பக்கத்தில் வேலையே செய்யாது. மெயிலுக்காவது அதை வையுங்கள். சாவி என்றால் ஒருவருக்கு இரண்டு, ஒன்று பெட்டகத்தில்.

கேள்வி: சீனியரின் மின்கையொப்ப டோக்கன் குமாஸ்தாவின் கணினியில் எப்போதும் சொருகியே இருக்கிறது. பின் எண் மானிட்டரில் ஒட்டியிருக்கிறது.

பதில்: கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளைக் கட்டுக்கட்டாக மேசையில் வைப்பீர்களா? தாக்கல் செய்யும் நேரத்தில் மட்டும் சொருகி, முடிந்ததும் எடுத்துப் பூட்டுங்கள். அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுப் பின் எண்ணையும் மாற்றுங்கள்.

கேள்வி: கோப்புகள் எல்லாம் ஒரு சர்வரில். தினமும் இரவு தானாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுக்கிறது. அந்த டிஸ்க் சர்வரிலேயே இணைந்திருக்கும். பணயத் தீநிரல் தாக்கினால் இது போதுமா? தாக்கிய உடனே என்ன செய்வது?

பதில்: போதாது. சர்வரைப் பூட்டும் தீநிரல் அதில் சொருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். நகல்களைத் தேடி முதலில் அழிப்பதே அவர்கள் வழக்கம். இணையம் வழியாக வைக்கும் மேகச் சேமிப்பில் (கிளவுட்) தானாக ஒத்திசையும் மடிப்பும் நகல் ஆகாது. கெட்டுப்போன கோப்பு அங்கேயும் போய் நல்லதன் மேல் உட்காரும். பழைய பதிப்புகளை அது எத்தனை நாள் வைத்திருக்கும் என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று கட்டடத்துக்கு வெளியே: இது பழைய சூத்திரம், இன்றும் சரி. உங்கள் அளவுக்கு இரண்டு டிஸ்க்குகளை வாரம் மாற்றி மாற்றி, ஒன்று எப்போதும் கழற்றியே இருக்கும்படி வையுங்கள். அத்துடன் குறித்த நாள் வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி உள்ள மேக நகல் ஒன்று. அந்த மேகக் கணக்கின் பாஸ்வேர்டு, சர்வர் நிர்வாகியின் பாஸ்வேர்டாக இருக்கக்கூடாது.

நகல் இருந்தும் மீட்க முடியாமல் போவதற்குப் பொதுவாக நான்கு காரணங்கள். டிஸ்க் நிரம்பி மாதக்கணக்கில் நகல் ஓடவே இல்லை, எச்சரிக்கை மெயில் வேலையை விட்டுப்போனவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வழக்கு மேலாண்மை மென்பொருளின் தரவுத்தளத்தைத் திறந்த நிலையிலேயே நகலெடுத்ததால் அது திறக்கவில்லை. மென்பொருளின் சொந்த ஏற்றுமதி வசதியால் எடுத்திருக்க வேண்டும். நகலை மறையாக்கம் செய்த சாவி அந்தச் சர்வரிலேயே இருந்தது. நான்காவது, இணைய வேகத்தில் மேகத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்க இரண்டு வாரம் ஆகும் என்பதை யாரும் கணக்குப் போடவில்லை. மாதம் ஒருமுறை ஒரு கோப்பையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழு வழக்குக் கட்டையும் வேறு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் இன்னொன்று. 2017 ஜூன் 27 அன்று டிஎல்ஏ பைப்பர் என்ற பன்னாட்டுச் சட்ட நிறுவனத்தை நாட்பெட்யா முடக்கியது. போனும் மெயிலும் பல நாடுகளில் நின்றன. உக்ரைனில் புழங்கும் ஒரு கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகப் பரவிய தீநிரல் அது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே ஒட்டு வெளியிட்டிருந்தது. ஒட்டுப் போட்ட கணினிகளும் ஏன் விழுந்தன என்றால், ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து நிர்வாகி பாஸ்வேர்டைச் சுரண்டி அதைக்கொண்டே அடுத்ததில் நுழைந்தது. ஆகவே எல்லாக் கணினிக்கும் ஒரே நிர்வாகி பாஸ்வேர்டு வைக்காதீர்கள், அன்றாட வேலையை நிர்வாகிக் கணக்கில் செய்யாதீர்கள். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் நேராக இணையத்தில் தெரியும்படி, அதாவது 3389 போர்ட், திறந்திருந்தால் இன்றே மூடி விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும் வாருங்கள்.

தாக்கிய உடனே: எல்லாக் கணினிகளின் நெட்வொர்க்கையும் துண்டியுங்கள், அணைக்காதீர்கள். கண்ணெதிரே கோப்புகள் பூட்டப்பட்டுக்கொண்டே போகின்றன, துண்டிக்கவும் வழியில்லை என்றால் மட்டும் அணைக்கலாம். மிரட்டல் குறிப்பைப் போனில் படம் எடுங்கள். பூட்டிய கோப்புகளை அழிக்காதீர்கள். "நோ மோர் ரான்சம்" என்ற தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் உண்டு, 2016-ல் யூரோபோல் முதலானோர் தொடங்கியது. காரணம் தெரியும் வரை நல்ல நகல் டிஸ்க்கை எந்தக் கணினியிலும் சொருகாதீர்கள். பதற்றத்தில் கடைசி நகலையும் இழப்பது அப்போதுதான். காப்பீடு இருந்தால் நிபுணரை அமர்த்தும் முன் காப்பீட்டாளரை அழையுங்கள், முன் அனுமதி இல்லாத செலவைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. காப்பீட்டாளர், நிபுணர் ஆகியோரின் போன் எண்களும், அடுத்த 30 நாள் வாய்தாக்களும் கெடு தேதிகளும் காகிதத்தில் இருக்க வேண்டும். கையால் டைரி எழுதும் மூத்த குமாஸ்தாவை அன்றைக்கு எல்லோரும் தேடுவார்கள்.

நல்ல நகல் இருந்தாலும் மிரட்டல் தீராது. 2019-க்குப் பிறகு பூட்டுவதற்கு முன் நகலெடுத்துக்கொண்டு, "வெளியிடுவோம்" என்றும் மிரட்டுகிறார்கள். 2020-ல் பிரபலங்களுக்கான நியூயார்க் சட்ட நிறுவனம் ஒன்றிடம் 2 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு, பிறகு அதை இரட்டிப்பாக்கினார்கள். பணம் கொடுத்தால் அழித்துவிடுவார்கள் என்பதற்குத் திருடனின் வாக்கு மட்டுமே உத்தரவாதம். ஆகவே எந்தக் கட்சிக்காரரின் எந்த ஆவணம் போனது என்று கண்டுபிடித்து, அவர்களுக்கு நீங்களே சொல்ல வேண்டிய வேலை எப்படியும் இருக்கிறது. முடிந்த வழக்குகளின் கட்டுகளைப் பத்து இருபது ஆண்டுகள் சர்வரில் விட்டுவைக்காதீர்கள் என்பது இதனால்தான். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததை அழியுங்கள், மற்றதைத் துண்டித்த டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பிடிஎஃப் ஆவணத்தில் ரகசிய வரிகள் மேல் கறுப்புக் கட்டம் போட்டுத் தாக்கல் செய்கிறோம். பாதுகாப்பானதா?

பதில்: கட்டம் மேலே, எழுத்து கீழே அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் பிரசார மேலாளர் பால் மேனஃபோர்ட்டின் வக்கீல்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் இப்படித் தாக்கல் செய்தார்கள். செய்தியாளர்கள் கறுப்புப் பகுதியைத் தேர்வு செய்து வேறிடத்தில் ஒட்டி, எல்லாவற்றையும் படித்துவிட்டார்கள்.

பிடிஎஃப் மென்பொருளில் மறைப்புக்கென்றே உள்ள கருவியால் குறித்து, "செயல்படுத்து" கட்டளையையும் கொடுங்கள். குறிப்பதோடு நிறுத்துபவர்கள் உண்டு. அந்தக் கருவி இல்லையென்றால் பக்கங்களை 300 டிபிஐ படங்களாக மாற்றிப் புதிய பிடிஎஃப் செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி கொடுத்து நோட்பேடில் ஒட்டி, மறைத்த பெயரைத் தேடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃபில் படத்துக்கு அடியில், படத்திலிருந்து மென்பொருள் படித்தெடுத்த ஓசிஆர் எழுத்து அடுக்கு இருக்கும், அதுவும் இப்படித் தேடினால் மாட்டும். புத்தகக்குறிகள், கருத்துகள், ஆவணப் பண்புகளையும் பாருங்கள். கோப்பின் பெயரிலேயே ரகசியப் பெயர் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. வேர்டில் வெட்டிச் சிறிதாக்கிய படத்தின் வெட்டிய பகுதியும் ஆவணத்துக்குள்ளேயே இருக்கும். "வெட்டிய பகுதியை நீக்கு" என்று தனியே சொல்ல வேண்டும்.

கேள்வி: "ஐடி பிரிவிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணினியில் இரவு பராமரிப்பு வேலை இருக்கிறது" என்று ஒருவர் அழைத்தார். குமாஸ்தா இணைப்புக் கொடுத்துவிட்டார்.

பதில்: 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ இந்த முறையைப் பற்றிச் சட்ட நிறுவனங்களுக்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. தொலைவிலிருந்து இயக்கும் சாதாரண மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். பிறகு வின்எஸ்சிபி, ஆர்குளோன் போன்ற நேர்மையான கோப்புப் பரிமாற்றக் கருவிகளால் கட்டுகளை அள்ளிக்கொண்டு போவார்கள். தீநிரல் எதுவும் இல்லாததால் வைரஸ் தடுப்பான் வாயே திறக்காது. கணினியைத் துண்டித்து, அன்று நிறுவப்பட்டவற்றின் பட்டியலையும், ரவுட்டர் பதிவில் எத்தனை ஜிபி வெளியே போனது என்பதையும் பாருங்கள். இனி ஒரே ஒரு தொலை இயக்க மென்பொருள் மட்டும் அனுமதி, மற்றவை தடை. யார் அழைத்தாலும் வைத்துவிட்டு, ஐடிக்காரரின் தெரிந்த எண்ணுக்கு நாமே அழைப்பது. குமாஸ்தாவைத் திட்டாதீர்கள், அடுத்த முறை நடந்தால் அவர் சொல்லாமல் மறைத்துவிடுவார்.

கேள்வி: வேலையை விட்டுப் போகிறவர்கள் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கணக்கை அழிக்காதீர்கள், முடக்குங்கள். அழித்தால் வழக்குக்குத் தேவையான மெயிலும் போய்விடும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், போனில் இருக்கும் அலுவலக மெயிலை நீக்குங்கள், வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எடுங்கள், அலுவலக எண்ணோடு "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலையும் திறந்து பாருங்கள். பகிர்ந்து பயன்படுத்திய பாஸ்வேர்டுகள், வைஃபை உட்பட, அன்றே மாற வேண்டும்.

பலர் மறப்பது டொமைன் பெயர். அது யார் மெயிலில் பதிவாகியிருக்கிறது? பல அலுவலகங்களில் என்றோ தளம் வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரிலோ, போய்விட்ட ஜூனியர் பெயரிலோ இருக்கும். புதுப்பிக்காமல் விட்டால் யாரும் காசு கொடுத்து வாங்கலாம். வாங்கியவருக்கு உங்கள் பழைய முகவரிக்கு வரும் கட்சிக்காரர் கடிதங்கள் மட்டுமல்ல, அந்த முகவரியில் பதிவான மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டு மாற்றும் சுட்டிகளும் போய்ச் சேரும். அலுவலகங்கள் இணைந்து புதுப் பெயர் வைத்தாலும் பழைய டொமைனை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அந்தத் தேதியையும் வாய்தா டைரியில் எழுதுங்கள்.